விளம்பர வேன் தேவதாசும் வாலிபர் வகுப்பும்

மலாக்கா டவுனில் தேவதாசின் முகம் தெரியாதவர்கள் இருந்தார்கள். குரல் தெரியாதவர் கிடையாது. வெள்ளிக்கிழமை பகல், நாம் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து அவன் வேன் வரும். இரண்டு பக்கமும் படத் தட்டி கட்டி, கூரைமேல் ஒலிபெருக்கிக் குழாய் வைத்த பழைய வேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையில் மைக்கைப் பிடித்திருப்பான்.

"இன்று முதல்! இன்று முதல்! தாய்மார்களே, கைக்குட்டை ஒன்று போதாது, இரண்டாகக் கொண்டு வாருங்கள்!"

காஜா பெராங் சாலையில் ஆரம்பித்து, துக்காங் எமாஸ் கடைத்தெருவைச் சுற்றி, உஜோங் பாசிர் வரைக்கும் இதே பாட்டுத்தான். கம்போங் செட்டிப் பக்கம் வந்தால் மட்டும் மலாயில் மாற்றிக்கொள்வான். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து பிள்ளையாரைக் கும்பிடுகிற செட்டிமாருக்கே தமிழ் வராது. ஆனால் தமிழ்ப் படத்துக்கு அவர்கள்தான் முதல் வரிசை.

டுரியான் துங்கல் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். ஜப்பான்காரன் காலத்தில் அப்பன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனான், திரும்பவில்லை. அம்மா பால்மரம் வெட்டி வளர்த்தாள். தேவதாஸ் என்ற பெயர்கூட தோட்டத்துக்கு எப்போதோ வந்த உபதேசியார் ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்து வைத்துவிட்டுப் போனதுதான். அதற்குப் பிறகு அவன் ஓர் ஆலயத்தையும் பார்த்ததில்லை. டவுனுக்கு வந்தான், லோரி கிளீனராக இருந்தான், தியேட்டர் முதலாளியான சீனத் தவுக்கே இவன் தொண்டையைக் கேட்டுவிட்டு வேனைக் கொடுத்துவிட்டான்.

எங்கள் தமிழ் ஆலயத்துக்குள் அவன் வந்ததே ஒரு சண்டையில்தான். காஜா பெராங்கில் எங்களுடையது சிறிய பலகைக் கட்டடம், ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். சுதந்திரத்துக்கு மூன்று நான்கு வருஷம் முந்தி, ஒரு ஞாயிறு, பிரசங்கம் நடந்துகொண்டிருக்கிறது. வாசலில் இவன் வேனை நிறுத்திக் கத்துகிறான். சபைச் செயலாளர் பொன்னுதுரை எழுந்து போனார். யாழ்ப்பாணத்து மனிதர், ரயில்வேயில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது.

"காணும்! இது கர்த்தருடைய நாள் எண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும் ஐயா. அதனாலதான் இன்னைக்கு மூணு காட்சி."

பெஞ்சில் இருந்த எங்களுக்கு அது கேட்டது. சிரிப்பை அடக்க நான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பொன்னுதுரை என்ன முறைத்தாரோ, இவன் மைக்கை அணைத்துவிட்டான். ஆனால் போகவில்லை. ஜன்னலோரம் நின்று நாங்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, மெட்டு நல்லாத்தான் இருக்கு. பாடுறவங்களுக்குத்தான் அந்தப் பாட்டுல நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கு" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அடுத்த ஞாயிறு கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தான். அதற்கு அடுத்த ஞாயிறும்.

வாலிபர் வகுப்பை அப்போது பொன்னுதுரைதான் நடத்தினார். ஆராதனை முடிந்ததும் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே. வினாவிடைப் புத்தகத்திலிருந்து கேள்வியை அவர் வாசிப்பார், பதிலைப் பிள்ளைகள் ஒப்புவிக்க வேண்டும். பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள் எத்தனை வாரம் தாங்கும்? ஒவ்வொன்றாய்க் கழன்றுகொண்டன. கடைசியில் அவருடைய ஒரே மகன் ஜெயபாலனே வராமல் போனான். ஞாயிறானால் தியேட்டரில் பெஞ்சு டிக்கெட்டில் கிடப்பான். பல ஊருக்கும் பொதுவாக இருந்த எங்கள் போதகர் ஒரு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் எல்லாம் தியேட்டரில் இருந்தால் தியேட்டர்காரனைக் கேட்போமே" என்று சொல்லி வகுப்பை தேவதாசிடம் கொடுத்தார். பொன்னுதுரைக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் இரண்டாவது வாரமே அவர் மகன் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

தேவதாசுக்கு அந்த வகுப்புதான் உயிர் என்று ஆகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, ஒரு வயசான அம்மா, ஒரு வேன். வாரம் முழுக்க தவுக்கே எழுதிக்கொடுத்ததைக் கத்துகிறவன். "அங்க உட்கார்ந்தாத்தான் அண்ணே நான் சொந்தமா பேசுறேன்" என்பான்.

படப் பாட்டுப் புத்தகம் தெரியும் அல்லவா? கதையைப் பாதி வரைக்கும் அச்சடித்து, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டுவிடுவார்கள். கடைத்தெருவில் ஹாஜாவின் புத்தகக் கடையிலிருந்து அதில் இரண்டு மூன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பான் தேவதாஸ். அதே வேலையைச் சுவிசேஷக் கதைக்கும் காட்டினான். புயல் அடிக்கும், படகில் தண்ணீர் ஏறும், சீஷர்கள் அலறுவார்கள், ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்குவார். அங்கே நிறுத்திவிட்டு, "மீதி அடுத்த வாரம்" என்று எழுந்துவிடுவான். என் மகள் அன்னபாக்கியம் வீட்டுக்கு வந்ததும் வேதத்தை எடுத்துப் புரட்டினாள். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டத்தான் எடுப்போம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகளைக் கூட்டிப்போக வருகிறவன் நான், வாசலில் நிற்பதுதான் வழக்கம். ஒரு நாள் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம் ஓடிய படத்தின் கதையை எடுத்திருந்தான் தேவதாஸ். அதில் வில்லன், தன் அண்ணன் குடும்பத்தையே தெருவில் விட்டவன். கடைசி ரீலில் குண்டடி பட்டு விழுந்து, மன்னித்துவிடு என்று சொல்லிச் சாகிறான். அண்ணனும் மன்னிக்கிறான்.

"மன்னிச்சது சரியா, தப்பா?" என்று கேட்டான் தேவதாஸ்.

"தப்பு அண்ணே" என்றான் ஜெயபாலன். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற பையன், வெளியில் எங்களைப் போலத்தான் பேசுவான். "போலீஸ் வந்துட்டான், குண்டும் பட்டுருச்சு. இனிமே கேட்காம என்ன செய்வான்? படம் முடியணும்னு கேட்கிறான்."

அன்னபாக்கியம் விடவில்லை. "அப்ப சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன்? அவனுக்கும் அதுதானே கடைசி ரீல்? ஆண்டவர் போடான்னா சொன்னாரு?"

"அது வேற லா."

"எப்படி வேற? சொல்லு, எப்படி வேற?"

எல்லாரும் தேவதாசைப் பார்த்தார்கள். "என்னை ஏன் பார்க்கிறீங்க? எனக்கும் தெரியல. சண்டை போடுங்க" என்றான் அவன்.

ஜெயபாலன் நகத்தைக் கடித்தான். பிறகு, "படத்துல இவன் சாகப் பயந்து கேட்கிறான். அந்தக் கள்ளன் என்னைக் காப்பாத்துன்னு கேட்கவே இல்லையே. என்னை மறந்துடாதேன்னு மட்டும்தானே கேட்டான்?" என்றான்.

தேவதாஸ் பெஞ்சிலிருந்து முன்னால் சாய்ந்தான்.

"டேய், இதை எங்க படிச்ச?"

"எங்கயும் படிக்கல அண்ணே. இப்பத்தான் தோணுச்சு."

தேவதாஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பித் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டான். வெயில் என்றான். அன்று மழை மேகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்பு ஒரு கிறிஸ்மஸ் பாட்டால் கவிழ்ந்தது.

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த வருஷம், அதற்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்மஸ். ஊரே இன்னும் கொண்டாட்டத்தில் இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பாடுவதற்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரு காதல் பாட்டு: மாடியிலே நிக்கிற ரோசா, வலிக்குதோ உன் காலு. கோப்பிக் கடை ரேடியோவில் அதுதான், சைக்கிள் மிதிப்பவன் வாயிலும் அதுதான். தேவதாஸ் அந்த மெட்டை எடுத்துக்கொண்டு வார்த்தையை மாற்றினான்: கொட்டிலிலே பிறந்த ராசா, குளிருதோ உன் மேனி. பிள்ளைகள் இரண்டு வாரம் பழகினார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஜெயபாலன் வாயால் ஊதும் ஆர்கன் வாசித்தான்.

விளக்கு வைத்த நேரம், நானும் கூடப் போயிருந்தேன், முதல் வீடு பொன்னுதுரையுடையது. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், பக்கத்தில் மனைவி தட்டில் கேக்குடன். சிரம்பானிலிருந்து வந்த மைத்துனர் வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்.

முதல் அடி ஒழுங்காகப் போனது. இரண்டாம் அடியில் எதிர்ப்பக்கத்து ஒட்டுக்கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், கிறிஸ்மஸ் பாட்டென்று? ஏதோ பிள்ளைகள் நல்ல பாட்டுப் பாடுகிறார்கள், நாமும் சேர்ந்து பாடுவோம் என்ற நல்ல மனசுதான். "மாடியிலே நிக்கிற ரோசா!" என்று ஒரே குரலாய் எடுத்தார்கள், மேசையைத் தட்டினார்கள். சாலையில் போனவனும் நின்று சேர்ந்துகொண்டான். இங்கே பத்துத் தொண்டை, அங்கே முப்பது. பழகிய வார்த்தை பழகாத வார்த்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் அடியில் நம் பிள்ளைகளே ரோசாவுக்குப் போய்விட்டார்கள். ஆர்கனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அப்பனுடைய முகத்துக்கு நேரே, கண்ணை மூடிக்கொண்டு, "வலிக்குதோ உன் காலு" என்று உச்சத்தில் இழுத்தவன் ஜெயபாலன்.

கண்ணைத் திறந்தபோது வாசலில் அப்பா இல்லை. கேக்குத் தட்டும் இல்லை. மைத்துனர் வீட்டார் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தேவதாஸ் என் பக்கம் திரும்பி, "அண்ணே, மெட்டை நினைச்சேன், ஊர்க்காரனை நினைக்க மறந்துட்டேன்" என்றான்.

புது வருஷம் பிறந்ததும் கமிட்டி கூடியது. படப் பாட்டு மெட்டு இனி ஆலயத்தின் பெயரில் எங்கும் பாடக் கூடாது என்றார்கள். அது இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, நானும் அதைக் குறை சொல்லமாட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தேவதாஸ் ஒன்று வேனை விட வேண்டும், இல்லை வகுப்பை விட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் பொன்னுதுரை.

"சினிமாவுக்கு ஆள் பிடிக்கிறவர் பிள்ளையளுக்கு ஞானம் கதைக்கிறது சரியில்லை. யோசிச்சு முடிவு சொல்லும்."

"யோசிக்க என்ன இருக்கு ஐயா? வேனை விட்டா எங்கம்மாவுக்குக் கஞ்சி யாரு ஊத்துறது?" என்றான் தேவதாஸ். அவ்வளவுதான். சண்டை போடவில்லை. அவன் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிள்ளைகள்தான் குதித்தார்கள். வேனைச் சூழ்ந்துகொண்டு, இனி ஆலயப் பக்கமே வரமாட்டோம் என்றார்கள். ஜெயபாலன் வாயில் வரக்கூடாத வார்த்தை ஒன்று அப்பாவைப் பற்றி வந்தது. தேவதாஸ் அவன் தலையில் ஒன்று வைத்தான்.

"வாயைக் கழுவு. எல்லாரும் போய் உட்காரணும், சொல்லிட்டேன். எனக்காக வேணாம். எத்தனை சண்டையைப் பாதியில விட்டு வெச்சிருக்கீங்க? அதை யாரு முடிக்கிறது?"

போனார்கள். பொன்னுதுரை மறுபடி கேள்வியை வாசித்தார், பிள்ளைகள் பதிலை ஒப்புவித்தார்கள். ஒருவரும் வராமல் இருக்கவில்லை, ஒருவரும் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. தேவதாஸ் ஞாயிறு காலை கடைசிப் பெஞ்சில் இருப்பான். வகுப்பு நேரம் ஆனதும் வேனைத் துடைக்கப் போய்விடுவான். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருப்பான், பின்கட்டுப் பக்கம் பார்க்கமாட்டான்.

ஒரு நாள் பொன்னுதுரை என் சைக்கிள் பட்டறைக்கு வந்தார். சைக்கிளில் செயின் கழன்றது என்று காரணம். செயின் நன்றாகத்தான் இருந்தது.

"உம்முடைய மகள் தேவதாசோடை சண்டை பிடிச்சவளாம். என்னோடை பதில் மட்டும் சொல்லுறாள்."

நான் பெடலைச் சுற்றிவிட்டேன்.

"அவன் ஜெயபாலன் வீட்டிலை என்னோடை கதைக்கிறதேயில்லை. சாப்பிடு எண்டால் சாப்பிடுறான். படி எண்டால் படிக்கிறான். வாயைத் திறக்கிறான் இல்லை. ஒரே பிள்ளை காணும்."

எனக்கு நயமாகப் பேச வராது. "தேவதாஸ்கிட்ட பிள்ளைங்க என்னத்தைக் கண்டாங்கன்னு தெரியணும்னா ஒரு படம் போய்ப் பாருங்க, ஐயா" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன். அவர் ஜென்மத்தில் தமிழ்ப் படம் பார்த்தவர் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை பகல் காட்சிக்கு நானும் போயிருந்தேன். தியேட்டர் வாசலில் தேவதாசோடு பேசிக்கொண்டு நிற்கிறேன், கோட்டும் தொப்பியுமாக பொன்னுதுரை வருகிறார். தேவதாஸ் கையிலிருந்த நோட்டீஸ் கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டான்.

"எங்கை இருக்கிறது?" என்று கேட்டார், ஆசுபத்திரியில் கேட்கிற மாதிரி.

"பெஞ்சு வேணாம் ஐயா, நாற்காலிக்குப் போங்க. மூட்டைப்பூச்சி அங்கயும் உண்டு. ஆனா மரியாதையா கடிக்கும்."

நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போன மகனை அப்பன் தலைமுழுகிவிடுகிற கதை. கடைசியில் மகன் திரும்பி வந்து, கொட்டுகிற மழையில் வாசலில் நின்று பாடுகிறான். உள்ளே அப்பன் கதவில் சாய்ந்து அழுகிறான், திறக்கவில்லை. மகன் இன்னொரு சரணம் பாடுகிறான். அப்பன் தாழ்ப்பாளில் கை வைக்கிறான், எடுக்கிறான். கொட்டகை முழுக்க மூக்குச் சீந்தும் சத்தம். அப்போது நாற்காலிப் பக்கமிருந்து ஒரு குரல்:

"திறவடா கதவை, மடையா!"

முன்வரிசையில் விசில் பறந்தது. தேவதாஸ் என் கையைப் பிடித்து நெரித்தான்.

படம் விட்டதும் மூன்று பேரும் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பொன்னுதுரை தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தத் தகப்பன் ஒரு முழு முட்டாள்."

"அவரு பக்கமும் நியாயம் இருக்கே ஐயா" என்றான் தேவதாஸ். வகுப்பில் செய்வதைத்தான் செய்தான், அவனால் விடமுடியாது. "சொல்லாம கொள்ளாம போனான். ஊரு சிரிச்சிச்சு. பெத்தவருக்கு மானம் இருக்காதா?"

"மானமோ? பிள்ளை வந்து நிக்கிறான் காணும்! நனைஞ்சுகொண்டு நிக்கிறான்! கதவைத் திறக்க முதல் ஒரு பாட்டு, பிறகு ஒரு அழுகை, பிறகு இன்னொரு பாட்டு! எங்கடை கெட்ட குமாரன் உவமையிலை அந்தத் தகப்பன் என்ன செய்தவர்? தூரத்திலை கண்ட உடனை ஓடினவர். வயசு போன மனுசன், ஊர் பார்க்க, சால்வை விழ விழ ஓடியிருப்பார். அவர் மானம் பார்த்தவரோ?"

அவர் கையில் இருந்த பிஸ்கோத்து கோப்பிக்குள் ஊறி உடைந்து விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தேவதாஸ் வாயைத் திறந்தான், நான் மேசைக்கடியில் காலை மிதித்தேன்.

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னுதுரை சொன்னார்: "நாளைக்கு வகுப்பிலை இதைக் கேட்கப்போறன். நீரும் வாரும்."

"கமிட்டி வேணாம்னு சொல்லிருச்சே, ஐயா?"

"வகுப்பு நடத்தாதையும் எண்டுதான் கமிட்டி சொன்னது. பக்கத்திலை இருந்து சண்டை பிடிக்காதையும் எண்டு சொல்லேல்லை. செயலாளர் நான், எனக்குத் தெரியும்."

மறுநாள் பின்கட்டில் நானும் போய் உட்கார்ந்தேன். பொன்னுதுரை படக் கதையைச் சொன்னார். ரயில் நேரம் அறிவிப்பது போலச் சொன்னார். பாட்டு வந்த இடத்தில் "இவ்விடத்தில் பாட்டு" என்றார். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிந்தார்கள். சொல்லி முடித்துவிட்டு, தகப்பன் செய்தது முழுப் பிழை என்றார். பக்கத்துப் பெஞ்சிலிருந்து தேவதாஸ் தகப்பனுக்காகப் பேசினான். அன்னபாக்கியம் இரண்டு பேரையும் தாக்கினாள். வகுப்பு பழையபடி கலகலத்துவிட்டது. ஜெயபாலன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னுதுரை பேசுவது ஊருக்குத்தான், கண் போவது அங்கேதான்.

"நான் நினைக்கிறன்," என்றார் கடைசியில், குரல் கொஞ்சம் இடறியது, "தகப்பன்தான் முதல் திறந்திருக்க வேணும்."

"அப்பா."

எல்லாரும் திரும்பினோம். பையன் எங்களோடு பேசுகிற தமிழில் பேசவில்லை. வீட்டுத் தமிழில் பேசினான்.

"அந்தத் தகப்பனை மட்டும் குறை சொல்லாதேங்கோ. மகனும் கதவைத் தட்டேல்லைதானே. வெளியிலை நிண்டு பாட்டுத்தான் படிச்சவன்."

பொன்னுதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப தட்டியிருக்கலாம் எண்டு சொல்லுறியோ?"

"ஓம். தட்டியிருக்கலாம்."

"தட்டினால் தகப்பன் திறந்திருப்பான் எண்டு நினைக்கிறியோ?"

"தெரியேல்லை அப்பா. உங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியேல்லை. இஞ்சாலை வந்து இரு. ஏன் தட்டேல்லை எண்டு சொல்லு பார்ப்பம்."

பையன் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். வகுப்பு நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. தேவதாஸ் ஒரு விரலை உதட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணைக் காட்டினான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தேவதாஸ் என் காதோரம் குனிந்தான்.

"மெதுவா வாங்க அண்ணே. செருப்புச் சத்தம் கேட்டா அப்பனும் மகனும் பேச்சை நிறுத்திடுவாங்க."